மூன்றாவது பத்தியில் தண்ணீர்

பொதுப் பக்கத்தில் பாராட்டு மட்டுமே எழுத வேண்டும். குறை தென்பட்டால் தனியாகச் சொல்லலாம்; தனியாகவும் சொல்லாமல் விட்டுவிடுவது இன்னும் நல்லது. இந்த விதியை யாரும் எழுதி ஒட்டவில்லை, எந்தக் கூட்டத்திலும் தீர்மானமாக நிறைவேற்றவில்லை. ஆனாலும் வேப்பந்தட்டைக்கு மேற்கே, மலையடிவாரத்தை நோக்கிப் போகும் சாலையோரத்து நடுநிலைப் பள்ளியில் அதை மீறியவர் ஒருவரும் இல்லை. தலைமையாசிரியர் குருநாதன் காலை ஏழரை மணிக்கு ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பொன்மொழி இடுவார். எட்டு மணிக்குள் ஒன்பது ஆசிரியர்களிடமிருந்தும் கூப்பிய கைகள் வந்துவிடும். ஒருநாள் அவர் முந்தைய நாளின் பொன்மொழியையே மறதியாக மறுபடியும் இட்டார். அன்றும் ஒன்பது வந்தன.

ஆசிரியர்களிடமிருந்து பெற்றோர் குழுவுக்கும், அங்கிருந்து பிள்ளைகளுக்கும் அந்த விதி தானாகவே இறங்கியது. ஏழாம் வகுப்புத் தமிழாசிரியை வளர்மதி இணையத்தில் கூட்டு ஏடு ஒன்றைத் தொடங்கியபோது, விதி அவருக்கு முன்பே அங்கே போய் உட்கார்ந்திருந்தது.

கூட்டு ஏட்டைப் பிள்ளைகள் ‘ஆன்லைன் நோட்டு’ என்றார்கள். வளர்மதியின் கல்லூரித் தோழி சுமதி, அரியலூர் மாவட்டத்தில் செயங்கொண்டத்துக்கு அப்பால், முந்திரித் தோப்புகளுக்கு நடுவிலிருந்த ஒரு பள்ளியில் ஆசிரியை. இரு பள்ளிகளின் ஏழாம் வகுப்புகளும் அந்த ஒரே ஏட்டில் எழுதின. வாரத்துக்கு ஒரு பக்கம், தத்தம் ஊரில் நடக்கும் வேலைகளைப் பற்றி. ஒவ்வொருவருக்கும் மற்றப் பள்ளியில் ஓர் இணை உண்டு; இணையின் பக்கத்தைப் படித்து ஓரத்துக் கருத்துப் பெட்டியில் எழுத வேண்டும்; விரும்பினால் மற்றவர்களும் எழுதலாம். தான் எழுதியதை இன்னொருவர் கண்ணால் பார்க்கப் பழகினால்தான் உரைநடை வளரும் என்று வளர்மதி உண்மையாகவே நம்பினார்.

முதல் வாரம் பெரும்பாலான பெட்டிகளில் ‘அருமை’ என்று இருந்தது. இரண்டாம் வாரம் ‘மிக அருமை’. மூன்றாம் வாரத்துக்குள் ‘அ’ என்று தட்டினாலே கைப்பேசி தானாக ‘அருமை’யை நீட்டுகிறது என்பதைப் பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள். வளர்மதியின் வகுப்புப் பரணிதரன் ‘அருமை தோழி’ என்று ஒருமுறை எழுதி, அதையே நகலெடுத்து எல்லாப் பக்கங்களிலும் ஒட்டினான். அவசரத்தில் தன் பக்கத்திலும் ஒட்டியிருந்தான்.

அதே வகுப்புக் கீதாஞ்சலியும் இதற்கு விலக்கல்ல. செயங்கொண்டம் பக்கத்து இணையான அமிர்தவல்லி முந்திரிக்கொட்டை வறுப்பதைப் பற்றி எழுதிய பக்கத்துக்கு அவள் இட்டது, ‘சூப்பர்’ என்ற ஒரு சொல்லும் ஒரு ரோஜாப்பூவும். முந்திரிக்கொட்டையின் தோலிலிருந்து கசியும் பால் கையில் பட்டால் என்ன ஆகும் என்று அந்தப் பக்கத்தில் எழுதியிருந்ததா இல்லையா என்பது அவளுக்குத் தெரியாது.

ஆனால் தன் பக்கங்களைப் பொறுத்தவரை அவளுக்கு ஒரு கவலை உண்டாகியிருந்தது. முதல் பக்கத்தை இடைவேளைக்கு மணி அடித்துக்கொண்டிருக்கும்போது பத்து வரியில் முடித்திருந்தாள். ஐந்தாவதை நான்குமுறை அழித்து எழுதியிருந்தாள். இரண்டுக்கும் ஒரே சொல்தான் வந்தது. எது நன்றாக இருந்தது, எது இல்லை என்பது அவளுக்குத் தெரியவில்லை. தெரியாததால் அடுத்த பக்கத்தை எப்படி எழுதுவதென்றும் தெரியவில்லை.

ஏழாவது பக்கம் வெங்காயப் பட்டறையைப் பற்றியது. தை, மாசியில் பறித்த சின்ன வெங்காயத்தில் விதைக்கென்று ஒதுக்கியதை அடுத்த நடவுவரை வைத்திருக்கும் நீண்ட ஒடுக்கமான கூடு அது. தரையில் படாமல் கற்களின்மேல் நிற்கும்; காய்ந்த பருத்திக் குச்சிகளான பருத்திமாரால் வேய்ந்த பக்கச் சுவர் வழியே காற்று குறுக்கே புகுந்து வெளியேறும்; மேலே கீற்று. கீதாஞ்சலி இதையெல்லாம் ஒழுங்காகவே எழுதினாள். எழுதி முடித்தபின் சற்று நேரம் யோசித்துவிட்டு, மூன்றாவது பத்தியின் நடுவில் ஒரு வரியைச் செருகினாள்.

‘வெங்காயம் வாடிவிடாமல் இருக்க, வாரத்துக்கு ஒருமுறை குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து பட்டறைமேல் நன்றாகத் தெளிப்போம்.’

அந்த வட்டாரத்தில் நடை பழகும் குழந்தைகூட இதைக் கேட்டால் சிரிக்கும். கீற்றில் ஒரு சொட்டு ஒழுகினால் மழையோடு மழையாக வீடே எழுந்து ஓடும் ஊர் அது. பட்டறைக்குள் ஈரம் இறங்கினால் அந்த வருடத்து விதை இல்லை. விதை இல்லையென்றால் நடவு இல்லை. கீதாஞ்சலி அந்த வரியை ஒருமுறை வாய்க்குள் படித்துப் பார்த்துவிட்டு, பக்கத்தைப் பொதுவில் விட்டாள். பெற்றோர் குழுவுக்கும் இணைப்பு போனது.

இரண்டு நாளில் முப்பத்துநான்கு கருத்துகள் சேர்ந்தன. ‘அருமை’ பதினாறு. ‘சூப்பர்’ ஒன்பது. மீதியில் பெரும்பாலும் கைகள், பூக்கள், தீபங்கள். முதல் கருத்து வளர்மதியுடையது: ‘சிறப்பான நடை. வாழ்த்துகள் கண்ணு.’ கடைசியாக வந்தது அவளுடைய அப்பா கலைச்செல்வனிடமிருந்து. மூன்று கட்டைவிரல்களும் ஒரு சிங்கமும்.

மாலையில் அவர் வாசலில் சாக்கை விரித்து விதை வெங்காயத்தைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். கீதாஞ்சலி எதிரில் போய் உட்கார்ந்தாள்.

“அப்பா, என் பக்கத்தப் படிச்சியா?”

“படிக்காமயா சிங்கம் போட்டேன்?”

“என்ன எழுதியிருந்தேன்?”

“நம்ம பட்டறையப் பத்தி.”

“அதுல என்னான்னு?”

“ஏண்டி, கட்டுனவன் நானு. எனக்கே பரிச்ச வெக்கிறியா?” அவர் ஒரு சொத்தை வெங்காயத்தைத் தூர எறிந்தார். “நீ எழுதுனா தப்பாவா இருக்கும்?”

உள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. “அவருக்குக் கண்ணாடி வாங்குற வரைக்கும் சிங்கந்தாண்டி படிக்கும்.”

அப்பா சிரித்தார். கீதாஞ்சலிக்கும் சிரிப்பு வந்தது. அவர் கடைசியாகச் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. மகள் எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று அவர் முழுதாக நம்பினார். அந்த நம்பிக்கையே அவரைப் படிக்கவிடாமல் தடுத்தது என்பதை அவரிடம் எப்படிச் சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

அதற்குள் காரியம் அவள் கையை மீறிவிட்டது. குருநாதன் அந்தப் பக்கத்தை வட்டாரக் குழுவுக்கு அனுப்பினார். வட்டாரக் கல்வி அலுவலர் பதில் எழுதினார்: ‘மாணவிக்கு வாழ்த்துகள். வெள்ளியன்று இரு பள்ளிகளின் இணையவழிச் சந்திப்பில் இதனை வாசிக்கட்டும். நானும் இணைகிறேன்.’ குருநாதனின் மகிழ்ச்சி ஒரு ஃப்ளெக்ஸாக உருவெடுத்தது. ஆறடிக்கு நாலடி. மேலே கீதாஞ்சலியின் படம், நான்கு மூலைகளிலும் வெங்காயம், நடுவில் பக்கம் முழுவதும். வியாழக்கிழமை காலை அதை ஏழாம் வகுப்பின் பின்சுவரில் கட்டினார்கள்.

வளர்மதி அந்தப் பக்கத்தை முதன்முதலாகப் படித்தது அந்த ஃப்ளெக்ஸில்தான். எழுத்துகள் இரண்டு விரல் உயரத்தில் இருந்ததால் படிக்காமல் தப்ப முடியவில்லை. அவர் பாடாலூரில் வெங்காயம் விளைவிக்கும் குடும்பத்தில் பிறந்தவர். மூன்றாவது பத்தியில் நின்றார். மறுபடி படித்தார். பிறகு, ஐந்து நாளுக்கு முன்பு தான் எழுதிய கருத்து அவருக்கு நினைவு வந்தது.

மதிய உணவு முடிந்து தட்டுக் கழுவிக்கொண்டிருந்த கீதாஞ்சலியைக் குழாயடியிலேயே பிடித்தார்.

“கீதா, அந்த மூணாவது பாரா…”

“படிச்சிட்டீங்களா டீச்சர்?” அவள் முகத்தில் பயம் வரும் என்று வளர்மதி எதிர்பார்த்தார். வந்தது வெளிச்சம்.

“இப்பதான் படிச்சேன்.”

“ஃப்ளெக்ஸ்லயா?”

“ஃப்ளெக்ஸ்லதான்.” வளர்மதி குரலைத் தாழ்த்தினார். “ஏம்மா இப்படிப் பண்ணுன? தெரியாம எழுதலைல்ல நீ?”

“தெரிஞ்சிதான் டீச்சர் எழுதுனேன். யாராச்சும் படிக்கிறாங்களான்னு பாக்க.” அவள் தட்டிலிருந்த நீரை உதறினாள். “மொத பக்கம் சும்மா எழுதுனது. அதுக்கும் அருமை. அஞ்சாவது பக்கத்த நாலு தடவ அடிச்சி எழுதுனேன். அதுக்கும் அருமை. அப்ப நான் எதப் பாத்து அடுத்தது எழுதுறது?”

“என்கிட்டத் தனியா வந்து கேட்டிருக்கலாம்ல?”

“கேட்டேன் டீச்சர். ‘நல்லாத்தான் எழுதுற, இப்படியே எழுது’ன்னீங்க.”

கேட்டது உண்மைதான். வராந்தாவில், வருகைப்பதிவைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தபடியே வளர்மதி அப்படிச் சொல்லியிருந்தார். ஒரு பெண் தன் எழுத்தின் தரத்தை அறிய விரும்பிக் கேட்ட கேள்விக்கு, நடந்துகொண்டே ஒரு பதில். திறனாய்வு என்பது கொஞ்சம் நின்று பார்ப்பதிலிருந்து தொடங்குகிறது என்று அவர் கல்லூரிக் கட்டுரை ஒன்றில் எழுதியிருந்தார். அதற்கு முதல் மதிப்பெண் கிடைத்தது. பேராசிரியர் அதைப் படித்தாரா என்ற ஐயம் இந்தக் குழாயடியில்தான் அவருக்கு முதன்முதலாக எழுந்தது.

“நாளைக்குப் பெரிய அதிகாரி கேக்கப் போறாரு. வாசிக்கும்போது அந்த வரிய மட்டும் தாண்டிடு. சரியா?”

“ஃப்ளெக்ஸ்ல இருக்கே டீச்சர்.”

“பெரிய சார்கிட்ட நான் சொல்லிக்கிறேன்.”

சொல்லத்தான் போனார். தலைமையாசிரியர் அறை வாசலில் அவர் நிழல் விழுந்ததுமே குருநாதன் நிமிர்ந்தார்.

“வாங்க மேடம். ஃப்ளெக்ஸ் எப்படி? அச்சடிக்கிறதுக்கு முன்னாடி நானே ரெண்டு தடவ முழுசாப் பாத்தேன். ஒரு எழுத்துப் பிழை இருக்கக் கூடாதுன்னுட்டேன்.”

எழுத்துப் பிழை ஒன்றும் இல்லைதான். ‘பார்த்தீர்கள், படித்தீர்களா’ என்பது அடுத்த கேள்வி. அதைக் கேட்டால் அவர் படிக்கவில்லை என்று ஆகும், கேட்ட வளர்மதியும் முதல் நாளில் படிக்கவில்லை என்று ஆகும், அலுவலரும் அப்படியே, முப்பத்துநான்கு பேரும் அப்படியே. வளர்மதி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அருமையா இருக்குங்க சார்,” என்றார்.

அன்று பிற்பகல் கடைசிப் பாடவேளையில் ஏழாம் வகுப்பு கணினி அறைக்குப் போனது. கீதாஞ்சலி தன் பக்கத்தைத் திறந்தாள். ஏட்டிலாவது அந்த வரியை அழித்துவிடலாம் என்றுதான் திறந்தாள். டீச்சர் படித்துவிட்டார், ஒருவர் படித்தது போதும், அதுவும் ஆறடி ஃப்ளெக்ஸில் மாட்டிய பிறகு.

பக்கத்தில் வேறு ஒருவர் இருந்தார். மூன்றாவது பத்தியில் பச்சை நிறத்தில் ஒரு சிறு கோடு துடித்துக்கொண்டிருந்தது; அதன் தலையில் ‘அமிர்தவல்லி’ என்ற பெயர். எழுபது, எண்பது கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு பெண் அதே நேரத்தில் அதே வரியில் நிற்கிறாள். கீதாஞ்சலி அழிக்கும் விசையிலிருந்து விரலை எடுத்தாள். அப்போதுதான் கவனித்தாள்: முப்பத்துநான்கு பேரில் அமிர்தவல்லி இல்லை. முந்தைய ஆறு பக்கங்களுக்கும் அன்றன்றே ‘சூப்பர்’ போட்டவள் இதற்கு எதுவும் எழுதவில்லை.

பச்சைக் கோடு நகர்ந்தது. தண்ணீர் தெளிக்கும் வரி முழுவதும் பச்சையாக ஒளிர்ந்தது. யாரோ அதை விரலால் தேய்த்துத் தேர்ந்தெடுத்ததுபோல. இப்போது கருத்துப் பெட்டி திறக்கும். கீதாஞ்சலி திரைக்குக் கிட்டே குனிந்தாள். பச்சை நிறம் மறைந்தது. மறுபடி வந்தது. மறுபடி மறைந்தது. பிறகு பெயரும் கோடும் பக்கத்தைவிட்டுப் போய்விட்டன. பெட்டியில் எதுவும் இல்லை.

“என்னாடி, செலயாட்டம் ஒக்காந்திருக்க?” என்றான் பக்கத்துக் கணினியிலிருந்து பரணிதரன். “நாளைக்கி ஸ்டார் ஆவப் போற. எங்களயெல்லாம் ஞாபகம் வெச்சிக்க.”

“நீ என் பக்கத்தப் படிச்சியாடா?”

“அருமை தோழி,” என்றான் அவன், சற்றும் தயங்காமல்.

கீதாஞ்சலி வரியை அழிக்காமல் பக்கத்தை மூடினாள். ஒருத்தி படித்திருக்கிறாள், தவறு என்று கண்டும் இருக்கிறாள். வாய் திறக்க முடியாமல் திரும்பிப் போயிருக்கிறாள். யாருமே படிக்கவில்லை என்பதைவிட இது அவளை அதிகமாக உறுத்தியது.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஏழாம் வகுப்பின் பெரிய திரையில் செயங்கொண்டம் பக்கத்துப் பிள்ளைகள் தெரிந்தார்கள். அதே சீருடை, அதே மாதிரிச் சன்னல். வெளியே மட்டும் முந்திரி மரங்கள். இரு பக்கமும் ஒரே நேரத்தில் ‘வணக்கம்’ என்று கத்தியதில் ஒலிபெருக்கி கீச்சிட்டது. திரையின் மூலையில் அலுவலர் இணைந்தார். முதலில் ஒரு காரின் கூரை தெரிந்தது. பிறகு அவர் நெற்றி.

“நான் பயணத்துல இருக்கேன். நீங்க ஆரம்பிங்க. கேட்டுக்கிட்டேதான் இருக்கேன்.”

குருநாதன் வரவேற்றார். வளர்மதி சுவரோரம் நின்றார். கீதாஞ்சலி ஃப்ளெக்ஸுக்கு முன்னால் நின்று, கையிலிருந்த தாளைப் பார்த்து வாசிக்கத் தொடங்கினாள். அமிர்தவல்லியின் முகத்தை அவள் பார்த்ததில்லை. ஏட்டில் அவளுடைய படம் ஒரு செம்பருத்திப் பூ மட்டுமே. திரையிலிருந்த இருபது முகங்களில் எது அவளுடையது என்று வாசிப்புக்கு நடுவே தேடிக்கொண்டிருந்தாள்.

முதல் பத்தி முடிந்தது. இரண்டாவது முடிந்தது. மூன்றாவதில் அந்த வரிக்கு முந்தைய முற்றுப்புள்ளி வந்தபோது அவள் நிமிர்ந்து வளர்மதியைப் பார்த்தாள். வளர்மதி கண்ணால் ‘தாண்டு’ என்றார். கீதாஞ்சலி தாளுக்குத் திரும்பினாள்.

“வெங்காயம் வாடிவிடாமல் இருக்க,” என்று தெளிவாக வாசித்தாள், “வாரத்துக்கு ஒருமுறை குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து பட்டறைமேல் நன்றாகத் தெளிப்போம்.”

பரணிதரனின் வாய் திறந்தது. அவன் ஃப்ளெக்ஸைத் திரும்பிப் பார்த்தான், பிறகு தலைமையாசிரியரைப் பார்த்தான், வாயை மூடிக்கொண்டான். பின்வரிசையில் யாரோ களுக்கென்று தொடங்கி இருமலாக முடித்தார்கள். குருநாதன் புன்னகையோடு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் புன்னகை எந்தச் சொல்லுக்கும் மாறவில்லை.

கீதாஞ்சலி கடைசிப் பத்தியையும் வாசித்தாள். தினமும் காலையில் அம்மா பட்டறையைச் சுற்றி நடந்து, பருத்திமார் இடுக்கில் மூக்கை வைத்து, எந்த இடத்தில் அழுகல் தொடங்குகிறது என்று வாசனையாலேயே சொல்லிவிடுவாள் என்பதோடு பக்கம் முடிந்தது.

“மிக அருமை,” என்றது காரின் கூரை. “நம்ம வட்டாரத்துக்கே பெருமை. எல்லாரும் கைதட்டுங்க.”

தட்டினார்கள். ஓய்ந்ததும் அந்தப் பக்கத்திலிருந்து சுமதி பேசினார். “இப்ப கீதாஞ்சலியோட ஜோடி, எங்க அமிர்தவல்லி, ரெண்டு நல்ல வார்த்த சொல்லுவா.”

மூன்றாவது வரிசையிலிருந்து எண்ணெய் வைத்து இறுக்கப் பின்னிய சடையோடு ஒல்லியான ஒரு பெண் எழுந்து வந்தாள். கையில் ஒரு துண்டுத் தாள். அதிலிருந்த எழுத்து பிள்ளையின் எழுத்தாகத் தெரியவில்லை. கேமராவுக்கு மிக அருகில் வந்து நின்றதால் திரை முழுவதும் அவள் முகமாகவே இருந்தது.

“கீதாஞ்சலியின் கட்டுரை மிகவும் அருமை,” என்று வாசித்தாள். “அவர் மேன்மேலும்…”

நின்றுவிட்டாள். அவள் தாளை நான்காக மடித்தாள்.

“சார், எங்க ஊர்ல வெங்காயம் வெளயாது,” என்றாள். “பட்டறைன்னா என்னன்னே எனக்குத் தெரியாது. மத்த ஆறு பக்கத்துக்கும் நான் படிக்காமதான் சூப்பர் போட்டேன். இதுக்கும் போடத்தான் போனேன். அன்னைக்கி லேப்ல நெட்டு ஸ்லோவா இருந்துச்சு, பெட்டி தொறக்கல. தொறக்குற வரைக்கும் சும்மா இருக்க முடியாம படிச்சேன்.”

யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

“மூணாவது பாராவுல தண்ணி தெளிப்போம்னு இருக்கு. அது தப்பு. எங்கம்மா ரெண்டு கிலோ வெங்காயத்த ஈரத்தரையில வெச்சதுக்கே நாலு நாள்ல அழுவிப் போச்சி. காத்து போறதுக்குத்தான் இடுக்கு விட்டுக் கட்டுறோம்னு ரெண்டாவது பாராவுல இவளே எழுதியிருக்கா.”

திரையின் ஓரத்திலிருந்து சுமதியின் கை நீண்டு அவள் தோளைத் தொட்டது. “அமிர்தா, போதும்மா. அத அப்பறம் தனியா சொல்லிக்கலாம்.”

இந்தப் பக்கத்தில் குருநாதன் முதன்முறையாகத் திரும்பி ஃப்ளெக்ஸைப் பார்த்தார். கார் நின்றிருக்க வேண்டும்; மூலையில் அலுவலரின் முழு முகமும் தெரிந்தது.

“இல்ல டீச்சர், எல்லாரும் பாக்குற எடத்துலதான எழுதியிருக்கா, இங்கயே சொல்லிடுறேன்.” அமிர்தவல்லி கையை மெதுவாக விலக்கினாள். இப்போது அவள் அலுவலரிடமோ ஆசிரியர்களிடமோ பேசவில்லை. கேமராவுக்குள் யாரையோ தேடுவதுபோல இன்னும் கிட்டே வந்தாள்.

“கீதாஞ்சலி, அந்தத் தண்ணிய விடு. கடைசி பாராவும் எனக்குப் பத்தல. உங்கம்மா மோந்து பாத்தே கண்டுபிடிச்சிடுவாங்கன்னு எழுதியிருக்க. என்ன வாசனன்னு எழுதவே இல்ல. அதுக்காகத்தான் நான் மூணு தடவ படிச்சேன். சொல்லு, எப்படி இருக்கும் அது?”